ரிமோட் கோட் வழக்கு: நோட்டீஸ் விடும் முன்

கேள்வி: கோவையில் கேட் மோட்டாரும் ரிமோட்டும் செய்து விற்கிறேன். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கோட் மாறும், அதற்குக் காப்புரிமை இருக்கிறது. என்னிடம் தொழில் கற்ற பையன் வெளியே போய் அதையே செய்து, என் டீலர்களுக்கே குறைந்த விலைக்குத் தள்ளுகிறான். 'வாங்கினால் கேஸ் வரும்' என்று டீலர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: துரோகத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு இல்லை, அதை விடுங்கள். உங்கள் க்ளெய்மில், அதாவது காப்புரிமைப் பத்திரத்தில் 'இதுதான் என் கண்டுபிடிப்பு' என்று உரிமை கோரும் பகுதியில், எழுதியிருக்கும் ஒவ்வொரு அம்சமும் அவர் ரிமோட்டில் இருக்கிறதா, கோர்ட் பார்ப்பது அதைத்தான். கோட் மாறுவது பொதுச் சொத்து. இப்படிக் கோட் மாற்றும் கீலாக் (KeeLoq) முறை 1980-களிலேயே வந்துவிட்டது, அந்த சிப்பும் கடையில் கிடைக்கிறது. அதற்கு மேல் நீங்கள் சேர்த்தது எதுவோ, அது மட்டும்தான் உங்களுடையது. அமெரிக்காவில் கராஜ் கதவு ரிமோட் செய்யும் சேம்பர்லெய்ன், லியர் கம்பெனிமீது இடைக்காலத் தடையே வாங்கிவிட்டது, ஆனால் க்ளெய்மில் இருந்த 'பைனரி கோட்' என்பதற்குக் கீழ்க்கோர்ட் தப்பாகப் பொருள் கொண்டது என்று 2008-ல் அப்பீலில் அந்தத் தடை போயிற்று.

சரி, எல்லா அம்சமும் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அப்புறம்தான். நீங்கள் கேஸ் போட்டால் அவர் வக்கீல் பிரிவு 64-ன்படி உங்கள் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டு எதிர்வழக்குப் போடுவார், மாவட்டக் கோர்ட்டில் இருந்தால் வழக்குக் கட்டு அப்படியே ஹைகோர்ட்டுக்கு ஏறிவிடும். காப்புரிமை அலுவலகம் கொடுத்ததுதானே என்பது அங்கே எடுபடாது, கொடுத்ததாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. விண்ணப்பித்த தேதிக்கு முன் ஒரே ஒரு செட் விற்றிருந்தாலும், ஏதாவது கண்காட்சி ஸ்டாலில் மூடியைத் திறந்து காட்டி வீடியோ போட்டிருந்தாலும், விண்ணப்பிக்கும்போதே அது புதிதில்லை என்று ஆகி, பெரும்பாலும் கதை முடிந்தது. அந்த பில்லும் டெலிவரி சலானும் யாருக்குத் தெரியும்? அப்போது உங்களோடு இருந்த அதே பையனுக்குத்தான். உங்களுக்கு எதிரான முதல் சாட்சியை நீங்களே கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

வாட்ஸ்அப் மிரட்டலை இன்றோடு நிறுத்துங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினார் என்று பிரிவு 106-ல் அவரே உங்கள்மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம்.

என்னைக் கேட்டால் சமரசம்தான். இரட்டை ஸ்பார்க் ப்ளக் இன்ஜினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-ல் தொடங்கிய சண்டையே 2019-ல் பேசித்தான் முடிந்தது. அவர்களுக்குக் கட்டுபடியாகும், உங்களுக்கு ஆகாது. ரிமோட்டுக்கு இவ்வளவு ராயல்டி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பில் விண்ணப்பத் தேதிக்கு முந்தியது என்றால், அது வெளியே வருவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.