அறை மாறினால் ஆள் மாறுவாரா? கேள்வி பதில்

கட்டடக்கலை படித்துவிட்டு, கட்டடம் கட்டாமல், கட்டி முடித்த அறைகளில் வெளிச்சமும் சத்தமும் காற்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் 20 வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம், அவ்வப்போது வீடு. "இருக்கிற இடம் நம்மை எப்படி ஆட்டி வைக்கிறது என்று கேளுங்கள்" என்றேன். வந்ததில் பாதி வாஸ்து. அதற்கு நான் ஆள் இல்லை. மீதியில் சில இங்கே.

கேள்வி (ஈரோடு): பத்தாவது படிக்கும் மகனின் அறைக்குப் பச்சை அடித்தால் ஞாபக சக்தி கூடும் என்று பெயின்ட் கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அவனுக்குப் பிடித்த கலரை அடியுங்கள். கலருக்கு மந்திரம் உண்டு என்ற பேச்சு பழையது. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஒரு கடற்படைச் சிறை அறைக்கு ரோஸ் கலர் அடித்தார்கள். உள்ளே போட்ட கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. சிறை அதிகாரிகள் இருவரின் பெயரைச் சேர்த்து அந்த நிறத்துக்கே 'பேக்கர் மில்லர் பிங்க்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு கவனமாகச் செய்து பார்த்த சோதனைகளில் அது நிற்கவில்லை. 2015-ல் வெளிவந்த சுவிட்சர்லாந்துச் சிறை ஆய்விலும் கைதிகளின் கோபம் குறையவில்லை.

பெயின்டில் நான் பார்ப்பது ஒன்றுதான், எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வெளிர் நிறமாக இருக்கட்டும். மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். பையன் வலது கைக்காரன் என்றால் ஜன்னல் இடப்பக்கம் வரவேண்டும், கை நிழல் நோட்டில் விழாது. அப்புறம் சாயந்திரம் அவனை வெளியே விடுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வோம். ட்யூப்லைட் எரியும் அறையில் மேஜை மேல் 300 லக்ஸ் இருந்தாலே பெரிது. வெளியே நிழலில் நின்றால்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வைத்தார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. எந்தப் பெயின்டும் அதைச் செய்யாது.

கேள்வி (சென்னை): ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு. எங்களுக்குப் பழகிவிட்டது, ரயில் போவதே தெரிவதில்லை. ஏழாம் வகுப்பு மகளுக்கும் பழகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சரிதானே?

பதில்: காது பழகிவிட்டது என்று நாம் சொல்வது, கவனிப்பதை நிறுத்திவிட்டோம் என்பதைத்தான். செய்கிற வேலை சத்தத்தால் கெடுவதில்லை என்று அர்த்தம் இல்லை.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பி.எஸ். 98 என்று ஒரு பள்ளி. ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி மேம்பாலத்தில் ரயில் ஓடும். நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் டீச்சர் பேச்சை நிறுத்தி, ரயில் போனபின் விட்ட இடத்தைத் தேடி ஆரம்பிப்பார். அர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு 1975-ல் வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். எனக்கு இதில் பிடித்தது பிற்பாதி. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்பறைக்கு சத்தம் உறிஞ்சும் கூரை போட்டார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் சமம். அதே பள்ளிதான், சத்தத்தை மட்டும்தான் குறைத்திருந்தார்கள்.

உங்கள் வீட்டில் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் எந்த அறை? சமையலறையே ஆனாலும் அவள் படிக்கும் மேஜை அங்கே போகட்டும். பாதைப் பக்கத்து ஜன்னலின் இடுக்குகளை ரப்பர் பீடிங் போட்டு அடையுங்கள், காற்று நுழையும் வழியில்தான் சத்தமும் நுழைகிறது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லி வீடியோ வரும். ஒட்டாதீர்கள், வெளிச் சத்தத்தை அது தடுக்காது. கரப்பான் வேண்டுமானால் குடியேறும்.

கேள்வி (அதே வீதிபோல, பெயர் வேண்டாம் என்கிறார்): ரயிலாவது பரவாயில்லை. தெருமுனை ஸ்பீக்கர் போட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. ரயிலைவிடச் சத்தம் குறைவுதான், ஏன் இப்படி?

பதில்: ரயில் எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் எப்போது முடியும் என்று போட்டவருக்கே தெரியாது.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் இதைத்தான் சோதித்து 1972-ல் புத்தகமாகவே எழுதினார்கள். காது கிழியும் சத்தத்தை இஷ்டத்துக்குப் போட்டார்கள். ஒரு குழுவிடம் மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, "தாங்க முடியாவிட்டால் அமுக்குங்கள், அமுக்காமல் இருந்தால் எங்களுக்கு உதவி" என்றார்கள். அநேகமாக யாரும் அமுக்கவில்லை. இரண்டு குழுவும் கேட்டது ஒரே சத்தம். ஆனால் அதற்குப் பிறகு கொடுத்த வேலையில், பொத்தான் வைத்திருந்தவர்கள் பிழை குறைவாகச் செய்தார்கள், கஷ்டமான புதிரில் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். கையில் பொத்தான் இருந்ததே போதுமாக இருந்தது.

உங்கள் பொத்தான் சட்டத்தில் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. விழாக் கமிட்டியில் ஒருவரின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பெரும்பாலும் கூப்பிடக்கூட மாட்டீர்கள்.

கேள்வி (திருச்சி): அப்பாவுக்கு 74. கிராமத்து வீட்டை விட்டு எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. தனி ரூம், ஏ.சி., டி.வி. எல்லாம் இருக்கு. எந்த வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கார். நாங்க என்ன குறை வச்சோம்?

பதில்: குறை வைக்கவில்லை அம்மா, எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் ஒன்று. காது மந்தமானாலும், மனச்சோர்வு வந்தாலும் வயதானவர்கள் இப்படித்தான் ஒதுங்குவார்கள். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு மேலே படியுங்கள்.

கிராமத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? திண்ணையில் என்று வைத்துக்கொள்கிறேன். திண்ணையிலிருந்து என்ன தெரியும்? பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார், யார் வீட்டு மாடு அவிழ்ந்தது, பஸ்ஸில் யார் இறங்கினார்கள். வருகிறவர் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்பார். முழு ஊரும் கண் முன்னே ஓடும், வேண்டாவிட்டால் துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விடலாம். இப்போது அவருக்குத் தெரிவது எதிர் பிளாக்கின் பைப் லைன்.

ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் 1972 முதல் 1981 வரையான பதிவுகளைத் தோண்டினார். பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர். பாதிப் பேருக்குக் கட்டிலிலிருந்து மரம் தெரியும், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஆஸ்பத்திரி கட்டிவிட முடியாது. ஆனால் 1984-ல் அது வந்தபின் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பார்க்கும் கண்ணே மாறியது.

இன்னொன்று உங்களுக்கு நெருக்கம். 1976-ல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு மாடிக்காரர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைப்பது என்பது உங்கள் இஷ்டம், இந்தச் செடியை நீங்களே வளருங்கள்" என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்து, "நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கலகலப்பாக நடமாடினார்கள். நீங்கள் இரண்டாவது மாடியை நடத்துகிறீர்கள், அன்பினால்தான்.

என்ன செய்யலாம்? அவர் நாற்காலியை ரூமிலிருந்து எடுத்து, கேட்டும் ரோடும் தெரியும் பால்கனிக்கோ கீழே வாட்ச்மேன் பக்கத்துக்கோ மாற்றுங்கள். அப்புறம் ஒரு நிஜமான பொறுப்பு. மோட்டார் போட்டு நிறுத்துவது, பால் கணக்கு, பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது, ஏதாவது ஒன்று. அவர் மறந்தால் வீட்டில் தண்ணீர் வராது என்கிற அளவுக்கு நிஜமாக இருக்கவேண்டும். ஒரு நாள் டேங்க் நிரம்பி வழியும். வழியட்டும், திட்டாதீர்கள்.

கேள்வி (மும்பைத் தமிழர்): தண்டவாளத்தைக் கடக்காதே என்று எவ்வளவு எழுதினாலும் ஜனம் கடக்கிறதே, உயிர்ப் பயம்கூடவா இல்லை?

பதில்: பயம் இருக்கிறது, கண் ஏமாற்றுகிறது. பெரிய உருவம் தூரத்திலிருந்து வரும்போது உண்மையைவிட மெதுவாக வருவதாகத் தோன்றும். ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-ல் ரயிலை வைத்தே இதை எழுதினார். கடக்கிறவர் கணக்குப் போட்டுத்தான் இறங்குகிறார், கணக்குத்தான் தப்பு.

உங்கள் ஊரிலேயே, வடாலா ஸ்டேஷன் பக்கம் 2010 வாக்கில் 'ஃபைனல் மைல்' என்ற ஆலோசனை நிறுவனம் ஒன்று செய்து பார்த்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில் சிலவற்றுக்கு, இடைவெளி விட்டு மஞ்சள் அடித்தார்கள். ரயில் அந்தக் கோடுகளை விழுங்கிக்கொண்டு வருவது தெரியும்போது வேகம் கண்ணில் படும். ஒரே நீள ஹாரனுக்குப் பதில் இரண்டு குட்டி ஹாரன், ஏனென்றால் நடுவில் வரும் மௌனம்தான் தலையைத் திருப்ப வைக்கிறது. மூன்றாவது, ரயில் மோதப்போகும் கணத்தில் ஒருவர் முகத்தில் தெரியும் பீதியைப் படமெடுத்துப் பலகையாக வைத்தார்கள். 'அபராதம்' என்று எழுதிய பலகையைப் படிக்கவேண்டும், முகத்தைப் படிக்கவேண்டியதில்லை. அங்கே சாவு குறைந்தது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். நாலு வழிச் சாலையில் ஒரு மணி நேரம் 90-ல் வந்துவிட்டு ஊருக்குள் திரும்பினால் 60 என்பது ஊர்வதுபோல் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் கண்ணை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): சின்னத் தட்டில் சாப்பிட்டால் எடை குறையுமாமே?

பதில்: கண் ஏமாறுவது நிஜம், 1865-லேயே டெல்பூஃப் என்ற பெல்ஜியக்காரர் சொன்னது. ஒரே வட்டம் பெரிய வளையத்துக்குள் சின்னதாகவும், சின்ன வளையத்துக்குள் பெரிதாகவும் தெரியும். ஆனால் அதனால் வயிறும் ஏமாறும் என்று உலகம் முழுக்கப் பரப்பியதில் முக்கியமானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2018-ல் பல்கலைக்கழகமே ஆய்வு முறைகேடு என்று அறிவித்தது. சின்னத் தட்டை நம்பிப் புதுத் தட்டு வாங்காதீர்கள்.

நம் வீட்டில் தட்டைவிடக் கரண்டி யார் கையில் என்பதுதான் விஷயம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கல்யாணப் பந்தியில் இலைக்கு மேலே கையை விரித்து "போதும் போதும்" என்பதற்குள் ஒரு கரண்டி விழுந்துவிடும். மதுரைக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா? வீட்டில் குழம்புச் சட்டியை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, வேண்டுமென்றால் எழுந்துபோய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர்): எங்கள் தெருச் சுவரில் சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டியபின் யாரும் அசிங்கம் செய்வதில்லை. குப்பைக்கும் இதே வழி உண்டா?

பதில்: அந்தச் சுவரில் செய்வதில்லை. அடுத்த சுவரைப் போய்ப் பாருங்கள்.

குப்பைக்குச் சாமியைவிடச் சுத்தம் நன்றாக வேலை செய்யும். 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று. க்ரோனிங்கன் நகரில் ஒரு தபால்பெட்டியில், உள்ளே 5 யூரோ இருப்பது தெரியும்படி கவரைப் பாதி செருகி வைத்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது 13 சதவீதம் பேர் எடுத்துப்போனார்கள். சுற்றிலும் குப்பையைப் போட்டு வைத்தபோது 25 சதவீதம். 'இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்' என்று குப்பையே சொல்லிவிடுகிறது. அதனால் பலகை வைக்கும் முன் முதல் பையை அன்றைக்கே எடுங்கள்.

கேள்வி (கோவை, ஐ.டி.): நைட் ஷிஃப்ட். காலை ஏழுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: வரும் வழியில் வெயிலைக் குடித்துவிட்டு வருகிறீர்கள். பார்ப்பதற்கு அல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனி செல்கள் உண்டு. 2002-ல்தான் அவை தெளிவாயின. நீலம் கலந்த காலை வெளிச்சம் அவற்றுக்குப் பிடித்தது. கம்பெனி வண்டியில் வருகிறவர் என்றால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். நீங்களே ஓட்டி வருகிறவர் என்றால் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் இருட்டுக் கண்ணாடி ஆபத்து. அறையில் இரட்டைத் திரை, கதவடியில் பழைய புடவை. காலிங் பெல்லை அணைத்து வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): வருகிற உறவுக்காரர்கள் வீட்டில் ஏதோ வாடை அடிக்கிறது என்கிறார்கள். எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பொறாமையில் சொல்கிறார்களா?

பதில்: உங்கள் மூக்கு சில நிமிடத்திலேயே கைவிட்டுவிடும், ரயில் பாதை வீட்டுக்காரரின் காது மாதிரி. அடுத்த முறை ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வரும்போது, பூட்டைத் திறந்ததும் ஃபேனைப் போடாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்படியிலேயே நின்று இரண்டு மூச்சு இழுங்கள். அந்த இரண்டுதான் கிடைக்கும். ஈர வாடை என்றால் மழை அடிக்கும் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.