நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி: பயாப்சி இல்லாமலே ஆபரேஷனா?

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது. இருமல் மூன்று வாரமாக விடாததால் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சின் நடுவில் நிழல் தெரிகிறது என்றார்கள். மருந்து ஏற்றாமல் சாதாரண சிடி எடுத்ததில், நெஞ்செலும்புக்குப் பின்னால் 5.2 செ.மீ. கட்டி, அடர்த்தி 42 ஹெச்யூ, தைமோமாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. காய்ச்சலோ எடை குறைவோ இல்லை. பயாப்சி வேண்டாம், மருந்து ஏற்றி ஒரு சிடியும் எம்ஆர்ஐயும் எடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் சர்ஜன். பெட் ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு உறவினர். என்ன கட்டி என்றே தெரியாமல் நெஞ்சைத் திறப்பதா? இத்தனை ஸ்கேன் எதற்கு? இன்னொன்று, சில மாதமாக மாலையானால் அக்காவுக்கு இமை கனத்து மூடிக்கொள்கிறது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டோம்.
வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, மாலையில் இமை மூடிக்கொள்கிறது என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். ஸ்கேனைவிட அவசரம் அதுதான். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளரும் கட்டிதான் தைமோமா. அது உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோயும் சேர்ந்தே இருக்கிறது. காலையில் நன்றாக இருப்பார்கள். பொழுது சாயச் சாய இமை தொங்கும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், மென்று கொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துபோகும், குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறும். இது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் மூச்சுத் தசைகள் வலுப்பெறாமல் வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாத நிலை வரலாம். அதனால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அசிடைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்வார். இமை தொங்காதவர்களுக்கும் தைமோமா என்ற சந்தேகம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன் இதைப் பார்த்துவிடுவதே முறை.

அதுவரை இருமலுக்கென்று மருந்துக்கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் மாத்திரைகளும் ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் இந்தத் தசைச்சோர்வைத் திடீரென்று கூட்டக்கூடியவை. விழுங்கச் சிரமம், தண்ணீர் மூக்கில் ஏறுவது, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கட்டியில் ஊசி குத்திச் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் சர்ஜன் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. தைமோமா பெரும்பாலும் ஓர் உறைக்குள் வளரும். அந்த உறை கிழியாமல், கட்டி துளியும் மிஞ்சாமல் முழுதாக எடுத்துவிடுவதுதான் பிற்காலத்தைத் தீர்மானிக்கிற பெரிய விஷயம். ஊசி குத்தினால் உறையில் வழி உண்டாகிறது. அணுக்கள் சிந்தி நுரையீரல் உறையில் முளைக்கும் அபாயம், குறைவானாலும், உண்டு. எப்படியும் முழுதாக எடுக்கப்போகிற கட்டிக்கு அந்த அபாயத்தை ஏன் தேட வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஆனால் மூன்று இடங்களில் பயாப்சி கட்டாயம். நெறிகளில் வரும் புற்றுநோயான லிம்போமா என்ற சந்தேகம் இருந்தால் வேண்டும். அதற்குச் சிகிச்சை மருந்துதான், கத்தி அல்ல. கட்டி பெரிய ரத்தக்குழாய்களில் ஊடுருவி, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டிய நிலை என்றாலும் வேண்டும். தைமஸ் புற்றுநோய் என்ற கடும் வகையாகத் தோன்றினாலும் வேண்டும். அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, இமை வேறு தொங்குகிறது. இவையெல்லாம் தைமோமா பக்கமே சாய்கின்றன. இதே கட்டி 25 வயது ஆணுக்கு என்றால், இனப்பெருக்க அணுக்களிலிருந்து தோன்றும் ஒரு வகைக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். நம் ஊரில் காசநோயால் நெஞ்சுக்குள் நெறிகட்டிக் கட்டிபோலத் தெரிவதும் உண்டு. அதையும் ரேடியாலஜிஸ்ட் மனத்தில் வைத்துத்தான் படத்தைப் பார்ப்பார்.

இனி ஸ்கேன்கள். சாதாரண சிடி இதற்குப் போதாது. மருந்து ஏற்றிய சிடிதான் சர்ஜனுக்கு வரைபடம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்த்துவிட்டு, 60 முதல் 100 மி.லி. வரை அயோடின் மருந்தைச் சிரை வழியாகச் செலுத்துவார்கள். ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது கையில் போட்டால், கட்டியை ஒட்டியே குறுக்காக ஓடும் இடது பிராக்கியோசெஃபாலிக் என்ற பெரிய சிரை மருந்தால் நிரம்பிக் கண்கூசும் வெண்மையாகி, பக்கத்தில் கோடுகோடாக நிழல் விழும். எதைப் பார்க்க எடுக்கிறோமோ அதுவே மறைந்துவிடும். படத் துண்டுகள் 1 முதல் 1.5 மி.மீ. அளவில் வேண்டும். ஸ்கேன் கட்டியோடு நின்றுவிடக் கூடாது; உதரவிதானத்தின் அடிவரை, மேல்வயிற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். தைமோமா பரவினால் தூரத்து உறுப்புகளைவிட நுரையீரல் உறையில்தான் சிறுசிறு முண்டுகளாக இறங்கும். அவை முதுகுப்பக்கம், அடியில் ஒளிந்திருக்கும். அயோடின் மருந்துக்குப் பிறகு மயஸ்தீனியா உள்ள சிலருக்குச் சோர்வு கூடுவதுண்டு. ஆகவே தனி ஸ்கேன் சென்டரைவிட ஆஸ்பத்திரிக்குள்ளேயே எடுப்பது நல்லது. முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் வெறும் அளவை மட்டும் பார்க்காதீர்கள். கட்டியின் விளிம்பு மழமழப்பா, புடைப்புப் புடைப்பா? சுற்றியுள்ள கொழுப்பு தெளிவாக இருக்கிறதா? நுரையீரல், இதய உறை, சிரை, பெருந்தமனி இவற்றில் எதைத் தொடுகிறது, சுற்றளவில் எவ்வளவு தொடுகிறது? இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். தொடுவது வேறு, ஊடுருவுவது வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கொழுப்புக் கோடு தெரியவில்லை என்பதற்காக ஊடுருவிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. சிரையின் உட்புறம் ஒழுங்கற்றுச் சுருங்கியிருந்தாலோ, கட்டி அதன் உள்ளேயே தெரிந்தாலோதான் உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு பக்க உதரவிதானம் மேலே ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இதய உறையை ஒட்டி இறங்கும் ஃப்ரெனிக் நரம்புதான் உதரவிதானத்தை அசைக்கிறது. கட்டி அதைப் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் மூக்கால் வெடுக்கென்று உறிஞ்சச் சொல்லி, அல்ட்ராசவுண்டிலோ, அசைவைக் காட்டும் எக்ஸ்ரேயான ஃப்ளூரோஸ்கோபியிலோ அசைவைப் பார்ப்பார்கள். தசைச்சோர்வு உள்ளவருக்கு அந்த நரம்பை வெட்ட நேர்ந்தால் மூச்சுக்கே சிக்கல். அதனால் சர்ஜன் கத்தி எடுப்பதற்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும்.

எம்ஆர்ஐ எதற்கு என்றால், அந்த 42 ஹெச்யூ என்ற எண்ணுக்காக. ஹெச்யூ என்பது சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு. தெளிந்த நீர்க்கட்டி 0 முதல் 20 வரை காட்டும்; 42 என்றால் சதைக்கட்டி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தைமஸ் நீர்க்கட்டிக்குள் ரத்தமோ புரதம் மிகுந்த திரவமோ இருந்தால் அதுவும் 40, 50 காட்டி ஏமாற்றும். இப்படி ஏமாந்து தேவையில்லாமல் ஆபரேஷனுக்கு ஆளானவர்கள் உண்டு. எம்ஆர்ஐயில் நீர் நீராகவே தெரியும். எம்ஆர்ஐக்கான கடோலினியம் மருந்தை ஏற்றினாலும் உள்ளே ஒளிராது. இன்னொரு சந்தேகம், வெறும் தைமஸ் வீக்கமா என்பது. வீங்கிய சுரப்பிக்குள் கொழுப்பு கலந்திருப்பதால் கெமிக்கல் ஷிஃப்ட் என்ற படத்தில் அது கறுத்துவிடும், தைமோமா கறுக்காது. மூச்சை இழுத்து விடும்போது தொடர்ந்து எடுக்கும் சினி படத்தில் கட்டியும் பக்கத்து உறுப்பும் தனித்தனியாக வழுக்கி நகர்ந்தால் ஒட்டவில்லை என்று நம்பலாம். இது சிடி தராத தகவல்.

எம்ஆர்ஐ அரை மணிக்கு மேல் ஆகும். இடையிடையே 15 முதல் 20 விநாடி மூச்சடக்கச் சொல்வார்கள். சோர்ந்த தசையோடு அது கடினம். அக்காவுக்குத் தெம்பாக இருக்கும் காலை நேரமாகக் கேளுங்கள். தசைச்சோர்வுக்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை ஆரம்பித்திருந்தால், ஸ்கேன் என்பதற்காக வேளையைத் தவறவிடக் கூடாது. குழாய்க்குள் பயமாக இருக்கிறது என்று டயாசெபாம் போன்ற தூக்க மருந்து கேட்க வேண்டாம். அது மூச்சை மந்தப்படுத்தும்.

பெட்-சிடி இப்போதைக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரச் செய்து காட்டுவது அந்த ஸ்கேன். தைமோமா அதை ஓரளவே உறிஞ்சும். காசநோய் நெறியும் சாதாரண தைமஸ் வீக்கமும்கூட அதே அளவு ஒளிரலாம். அந்த ஒளியை வைத்துக் குழப்பம்தான் மிஞ்சும். மருந்து ஏற்றிய சிடியில் ஊடுருவலோ பெரிய நெறிகளோ தெரிந்தால், அல்லது தைமஸ் புற்றுநோய், லிம்போமா என்ற பேச்சு வந்தால், அப்போது எடுக்கலாம்.

மல்லாந்து படுத்தால் இருமலோ மூச்சுத்திணறலோ கூடுகிறதா, குனிந்தால் முகம் உப்பிச் சிவக்கிறதா என்று அக்காவிடம் கேட்டு, மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருவேளை கட்டி மூச்சுக்குழாயையோ மேல் பெருஞ்சிரையையோ அழுத்தினால் மயக்கம் கொடுக்கும் முறையே மாறும்.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சிடி ஸ்கேனின் முழுப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ, டைகாம் என்ற கணினி வடிவில் கேட்டு வாங்குங்கள்; ஃபிலிமில் அச்சிடுவது சில படங்களை மட்டுமே. வீட்டில் அக்காவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஏதாவது இருந்தால், வேலைக்குச் சேரும்போது எடுத்ததாக இருந்தாலும், தேடி எடுத்துப் போங்கள். அதிலும் அதே நிழல் இருந்தால் எத்தனை வருடமாக எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சர்ஜனால் கணக்கிட முடியும்.