அப்பாவுக்குக் கீமோ கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா. அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஹார்மோன் ஊசியில் கட்டுக்குள் இருந்தது, இப்போது பி.எஸ்.ஏ. (இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறுகிறது. கீமோ தொடங்கலாம் என்கிறார் டாக்டர். அண்ணன் உடனே தொடங்கு என்கிறான். அம்மா, "இருக்கிறவரை நிம்மதியா இருக்கட்டும்" என்கிறார். அப்பாவிடம் எலும்புத் தேய்மானம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். இன்னமும் காலையில் வயலுக்குப் போய்வருகிறார். என்ன செய்வது?
கே., லால்குடி

அன்புள்ள கே.,

அண்ணன், அம்மா, டாக்டர் எல்லோரும் உங்கள் கடிதத்தில் பேசுகிறார்கள். அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் மருத்துவன் அல்ல. படித்தும் பக்கத்திலிருந்து பார்த்தும் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கொடுக்கும் கீமோ மருந்து டோசிடாக்செல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவார்கள். 2004இல் வந்த ஆய்வில், பழைய கீமோ மருந்தை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களின் சராசரி ஆயுள் இரண்டரை மாதம் போலக் கூடியது. சிலருக்கு அதைவிட அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல இது என்பதை அண்ணனுக்குச் சொல்லுங்கள். அம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: ஏற்கெனவே வலி இருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதே மருந்தில் வலி குறைந்தது, பழைய மருந்தில் 22 சதவீதம்தான். எலும்பு வலியில் தூங்காமல் கிடப்பவருக்குக் கீமோவே நிம்மதியைக் கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் அப்பா வயலுக்கு நடந்து போகிறார். அவருக்குக் கணக்கு வேறு. என் சித்தப்பாவுக்கு இதே மருந்து போட்டார்கள். ஏற்றிய மூன்றாம் நாள் ஆளைச் சாய்த்துவிடும். அடுத்த வாரம் எழுந்து உட்காருவார். அதுகூடப் பழகிவிட்டது. விரல் நுனி மரத்துப்போனதுதான் அவரால் தாங்க முடியாதது. சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் சித்தியைக் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலாவது டிரிப்போடு போதும் என்றார். அவர் முடிவு அது, விவரம் தெரிந்து எடுத்தது. அப்புறம் இடுப்பு வலிக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு கொடுத்தார்கள், மார்ஃபின் மாத்திரையும் இருந்தது. நன்றாகத் தூங்கினார்.

உங்கள் அப்பா எதைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பேரன் கல்யாணம் வரை இருந்தால் போதும், எதையும் தாங்கிக்கொள்வேன் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிப் பக்கமே வேண்டாம் என்றும் சொல்லலாம். எலும்புத் தேய்மானம் என்று நம்பிக்கொண்டிருப்பவரால் இரண்டையும் சொல்ல முடியாது. முடி கொட்டும்போது அவருக்கே எல்லாம் விளங்கிவிடும். அதற்குமுன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் அபிராடெரோன் போன்ற, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே கொடுக்கவில்லை என்றால் அதற்கு இன்னும் இடம் இருக்கலாம். வலித்தணிப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள், கீமோ எடுத்தாலும் அவர் வேண்டும். கீமோ தொடங்கினால், காய்ச்சல் வந்தால் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கால் திடீரென்று வலுவிழந்தால் அன்றைக்கே காட்டியாக வேண்டும், முதுகுத்தண்டு நசுங்குவதாக இருக்கலாம்.

அண்ணனிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள்.