கிராவல் கொட்டிய கொல்லை தோட்டமாக எத்தனை வருஷம் ஆகும்?

கேள்வி: திருச்சி புறநகரில் 6 சென்ட் மனையில் கிழக்குப் பார்த்த வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பின்னால் சுமார் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. மனையை உயர்த்துவதற்காக கிராவல் அடித்து ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். போன தை மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு ரோஜா, இட்லிப்பூ, எலுமிச்சை, மல்லிகை, மா என்று நர்சரியில் வாங்கி வைத்தோம். சித்திரைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது, மிச்சமும் மஞ்சளாக நிற்கிறது. போர் தண்ணீர் உப்பு, வாளியில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு லோடு செம்மண் அடித்தால் சரியாகுமா? ஜிப்சம் போடலாமா? தோட்டம் என்று சொல்லும்படி ஆக எத்தனை வருஷம் பிடிக்கும்? என் கணவர் "பேசாமல் சிமென்ட் தளம் போட்டுவிடலாம்" என்கிறார். (வாசகி, திருச்சி)

பதில்: எத்தனை வருஷம் என்ற கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிய ஒரு மழைக்காலம் போதும். பார்ப்பவர்கள் தோட்டம் என்று சொல்ல மூன்று வருஷம் ஆகும். மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார ஐந்து வருஷம். ஆனால் இந்தக் கணக்கு முதல் வருஷம் செடியே வாங்காதவர்களுக்குத்தான். நீங்கள் செடியில் ஆரம்பித்துவிட்டீர்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வருஷா வருஷம் தை மாதம் வாங்கி, சித்திரையில் பிடுங்கிப் போட்டு, பத்து வருஷம் கழித்தும் வெறும் கொல்லையாகவே வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

மஞ்சளாக நிற்கும் இட்லிப்பூச் செடியின் இளம் இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, நடுப்பகுதியெல்லாம் வெளுத்திருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. கட்டட வேலையில் சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணின் கார அமிலநிலையை (pH) ஏற்றிவிடுவதால், இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை. சுவர் ஓரமாக வைக்கும் இட்லிப்பூ பெரும்பாலும் இப்படித்தான் வெளுக்கும். அடுத்து எலுமிச்சை, மல்லிகையின் முதிர்ந்த இலைகளைப் பாருங்கள். நுனியும் ஓரமும் தீய்ந்தது போல் பழுப்பாக இருந்தால் அது உப்பின் வேலை. ரோஜா, எலுமிச்சை, மா, அவரை ஆகியவற்றுக்கு உப்பு ஆகாது. உங்கள் பட்டியலைப் பார்த்தால், உப்பு தாங்காத செடிகளாகத் தேடி வாங்கியது போலிருக்கிறது!

செம்மண் லோடு வேண்டாம். வீட்டுமனைகளுக்கு வரும் செம்மண் பெரும்பாலும் எங்கோ ஆழத்தில் வெட்டிய அடிமண்தான், அதில் மட்கு என்று எதுவும் இருக்காது. அதையும் ரோலர் ஓட்டிய கிராவல் மேல் கொட்டினால், ஐப்பசி மழைத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் தேங்கி வேரை அழுக வைக்கும். தண்ணீர் இறங்குகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு மூன்று இடத்தில் குழி எடுத்து, ஒரு தடவை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது சில மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால் அடியில் இறுக்கம் இருக்கிறது, கடப்பாரையும் பிக்காசும் கொண்டு அதை உடைத்தே ஆகவேண்டும். இரண்டு சென்ட்டுக்கு ஆள் வைத்தால் ஓரிரு நாள் வேலை. செம்மண்ணுக்கு வைத்திருக்கும் பணத்தை இந்தக் கூலிக்குக் கொடுங்கள்.

ஜிப்சம் விஷயத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. உப்பு மண் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, உவர் வேறு, களர் வேறு. கரையும் உப்பு அதிகமாக இருப்பது உவர். நல்ல தண்ணீர் விட்டு, அது வடிய வழியும் செய்தால் உப்பு கீழே இறங்கிவிடும், ஜிப்சத்துக்கு அங்கே வேலையில்லை. சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் ஆகிறதே, அது களர். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விடுவிக்கும், மழைத்தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். வடிகால் இல்லாத இடத்தில் எவ்வளவு ஜிப்சம் போட்டாலும் வீண். திருச்சியைச் சுற்றிக் களர் நிலம் நிறைய உண்டு. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் களர் நிலத்தைப் பற்றித்தான் முக்கியமாக ஆராய்கின்றன. ஆனால் உங்கள் கொல்லையில் மேலே கிடப்பது வேறெங்கிருந்தோ வந்த கிராவல், அதனால் ஊகத்தில் ஜிப்சம் போடாதீர்கள். நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவையும், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்த ஒரு லிட்டர் போர் தண்ணீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துக் கேளுங்கள். கார அமிலநிலை 8.5-ஐத் தாண்டி, களர் என்று எழுதியிருந்தால் எவ்வளவு ஜிப்சம் என்பதையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

சரி, முதல் வருஷம் என்னதான் செய்வது? கட்டட இடிபாடுகளைப் பொறுக்கி எடுங்கள். சிமென்ட் கலவை கொட்டிக் கலந்த இடம் வெள்ளைத் திட்டாகவே தெரியும், அதை அரையடிக்கு வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல மழை கிடைத்ததும் தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு, உங்கள் இடத்துக்கு அரைக் கிலோ தாராளம். உப்பையும் களரையும் தாங்கும் பசுந்தாள் பயிர் இது. ஆளுயரம் போகும் வரை விட்டுவிடாதீர்கள். நாற்பத்தைந்து நாள் வாக்கில், பூ எடுக்கும் நேரத்தில் வெட்டி, மண்ணிலேயே புரட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்கிவிடும். தண்டு முற்றினால் நார் பாய்ந்து மட்க நாளாகும். மழை முடிந்த பிறகு மார்கழி, தையில் தட்டைப்பயறு, உளுந்து, எள், சோளம், கடுகு, வெந்தயம் என்று கைக்குக் கிடைத்ததைக் கலந்து விதைத்து அதையும் மடக்கி உழுதால் இன்னும் நல்லது. இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பு இதுதான். பங்குனியில் அதன் மேல் தென்னை மட்டை, சருகு, கரும்புச் சோகை என்று நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டுவிடுங்கள். தெருவில் பெருக்கி எரிக்கிற வேப்பஞ்சருகைக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பச்சைச் சாணத்தை மட்டும் நேரடியாகக் கொட்டாதீர்கள், வண்டுப் புழு அதில்தான் குடியேறும். மட்கிய எருவாக வாங்குங்கள். பஞ்சகவ்யா கேட்பீர்கள் என்று தெரியும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தாராளமாகத் தெளிக்கலாம். ஆனால் கல்லாக இறுகிய மண்ணை அது இளக்கிவிடாது.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் உங்கள் கணவருக்கும் பதில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. தரையெல்லாம் சிமென்ட் போட்டால் அது தெருச் சாக்கடைக்குப் போகும். மாடிக் குழாயை மண்ணுக்குத் திருப்பிவிட்டால், போர் தண்ணீர் ஒன்பது மாதம் சேர்த்த உப்பை வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் கழுவித் தரும். மேற்குக் கோடியில் இரண்டடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, ஜல்லியும் சருகும் போட்டு, மழைத் தண்ணீர் நின்று இறங்கும்படி செய்யுங்கள். தளம் ஆசைக்குத் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலாக நனைந்த மண் வெயிலில் காய்ந்து, உப்பு வேர்மட்டத்திலேயே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை, தண்டிலிருந்து தள்ளி வட்டப் பாத்தி கட்டி, நிறைய விடுங்கள். இலை மேல் படவேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது. மாறாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. உங்கள் ரோஜா பிழைக்க வேண்டுமானால் அதைத் தொட்டிக்கு மாற்றி, இந்தத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

இரண்டாம் வருஷம் மரங்கள். அதற்கு முன் வெயிலைக் கவனியுங்கள். உங்கள் கொல்லை மேற்கே இருக்கிறது, மத்தியான வெயில் முழுக்க அங்கேதான். வடக்குச் சுவர் ஓரம் நிழல் என்று நினைத்து எதையும் வைக்காதீர்கள். திருச்சி இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மார்கழியில் பார்த்துவிட்டு நிழல் என்று வைத்த குரோட்டன்ஸ் வைகாசியில் கருகுவது இதனால்தான்.

குழியைச் சித்திரையிலேயே எடுத்து ஆறப்போடுங்கள். சப்போட்டாவுக்கு மூன்றடி, கொய்யாவுக்கு இரண்டடி. கொய்யாக் குழியில் மேல்மண்ணோடு பத்துக் கிலோ மட்கிய எரு, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து மூடி, புரட்டாசி மழையில் நடுங்கள். நடும்போது பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். பை அடியில் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அந்தச் சுற்றைப் பிளேடால் வெட்டிவிடுங்கள். அப்படியே வைத்தால் மரமான பிறகும் வேர் தன்னையே நெரித்துக்கொண்டு நிற்கும். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நாலு விரலாவது தெரியவேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் கிள்ளிவிடுங்கள். நர்சரியில் உயரமான கன்றைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். குட்டையாக, தண்டு தடித்த கன்று மண்ணில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு சென்ட்டில் எத்தனை மரம்? உங்கள் ஆசைக்கு ஐந்தாறு சொல்வீர்கள், நான் மூன்று என்பேன். மேற்குக் கோடியில் ஒரு சப்போட்டா. மெதுவாக வளரும், ஆனால் உப்பைத் தாங்கும், மாலை வெயிலை வீட்டுக்கு வரவிடாது. நடுவில் ஒரு கொய்யா, ஒட்டு அல்லது பதியன் கன்று. லக்னோ 49 நல்ல ரகம். மூன்றாவது முருங்கை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 விதையை ஊன்றினால் ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், காய்ப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டிவிடுங்கள். படுக்கையறை ஜன்னல் பக்கம் மட்டும் முருங்கை வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி தண்டில் மொய்க்கும். துவைகல் தண்ணீர் போகும் பக்கம் வாழை வையுங்கள். கற்பூரவள்ளி வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். பப்பாளியும் வைக்கலாம், ஆனால் மேட்டில். வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போய்விடும். மா வேண்டவே வேண்டாம். உப்பும் ஆகாது, இடமும் போதாது.

மரங்கள் சின்னதாக இருக்கும் இந்த இரண்டு, மூன்று வருஷம்தான் தரையில் காய்கறிக்கு வெயில் கிடைக்கும். கீரை, வெண்டை, கொத்தவரை, கத்தரி எல்லாம் இடையில் போட்டுக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி வரும், முதலில் செம்பருத்தியில். உடனே விஷ மருந்துக்கு ஓடாதீர்கள். 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, தமிழ்நாட்டுப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை நாசமாக்கிய மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்து ஓய்ந்துபோனார்கள். 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. வீட்டுத் தோட்டத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, அப்புறம் சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் தெளித்தால் பெரும்பாலும் போதும்.

நாலாம் வருஷம் ஒரு சங்கடம் வரும். நன்றாகக் காய்த்த வெண்டை திடீரென்று நெட்டையாகப் போய்ப் பூக்காமல் நிற்கும். நோயில்லை, நிழல் விழுந்துவிட்டது. காய்கறியை மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஏற்றிவிட்டு, கீழே நிழலுக்குப் பழகும் மஞ்சள், சேம்பு, மணத்தக்காளி போடுங்கள். மண்ணில் உப்பு இறங்கியிருந்தால் வைகாசியில் ஊன்றிய மஞ்சள் பொங்கலுக்குக் கொத்தாக வரும். கொய்யாவை ஏழடிக்கு மேல் விடாமல் வருஷா வருஷம் கவாத்து செய்யுங்கள். அது புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்டினால் காய் குறையும் என்ற பயம் வேண்டாம். கன்று நட்ட முதல் வருஷம் வரும் பூவை மட்டும் ஒன்றுவிடாமல் கிள்ளிவிடுங்கள்.