கால்நடை கேள்வி பதில்: கொறங்காட்டில் புல் ஏன் அழிகிறது?

கேள்வி: தாராபுரம் பக்கம் 6 ஏக்கர் கொறங்காடு (முள்வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்). காங்கேயம் மாடுகள் 8 உருப்படி, ஆண்டு முழுக்க உள்ளேயே மேய்கின்றன. கொழுக்கட்டைப் புல் குறைந்து ஆவாரையும் துத்தியும் ஏறிவிட்டன. விதை வாங்கித் தூவினால் சரியாகுமா?

பதில்: முதலில் காட்டை அறைகளாகத் தடுக்க வேண்டும், பிறகுதான் விதை. அவிழ்த்துவிட்ட மாடு முற்றிய புல்லைத் தொடாது; முன்பு கடித்த தூரில் வந்த இளந்துளிரையே தேடிப் போகும். வேரில் சேர்த்த சத்தைச் செலவழித்துத்தான் தூர் துளிர்க்கிறது. அந்தச் சத்து திரும்பச் சேர்வதற்குள் மறுபடி மறுபடி கடிபட்டால் தூர் பட்டுப்போகும். அந்த இடத்தை மாடு சீண்டாத ஆவாரை பிடித்துக்கொள்ளும்.

காட்டை ஏக்கருக்கு ஒன்றாக 6 அறை ஆக்குங்கள். அறைக்கு 6 நாள் என்றால் முதல் அறைக்குத் திரும்பும்போது அது 30 நாள் ஓய்ந்திருக்கும். இது மழைக்காலக் கணக்கு. அப்போதும் நாளைவிட உயரத்தைத்தான் நம்ப வேண்டும். புல் ஒரு அடி வந்தால் உள்ளே விடுங்கள், நாலு விரற்கடைக்கு இறங்கினால் கடவை (அறையின் வாசலை) திறந்து அடுத்த அறைக்கு ஓட்டுங்கள். அதற்கும் கீழே ஒட்ட மேய்ந்தால், புல்லின் அடியில் இருக்கும் குடற்புழுக் குஞ்சுகளும் வயிற்றுக்குள் போகும்.

நிரந்தரத் தடுப்புக்கு மழைக்கு முன் முள்கிளுவைப் போத்து (உயிர்வேலியாக வளரும் முள்செடியின் வெட்டிய கிளை) நடலாம். அது அடைந்து வரும்வரை, இரண்டரை அடி உயரத்தில் ஒற்றைக் கம்பி சோலார் வேலி போதும்.

கோடையில் எந்த அறையிலும் புல் ஒரு அடி வராது. அப்போது எல்லா அறையையும் சுரண்டவிடாமல் ஒரே அறையில் நிறுத்தித் தட்டு (காய்ந்த சோளத்தாள்) போடுங்கள். 300 கிலோ மாட்டுக்கு நாளைக்கு ஏழரை கிலோ உலர்தீவனம் வேண்டும். 8 உருப்படிக்கு 60 கிலோ, 90 நாளுக்கு 5.4 டன். இதற்கு வழியில்லையென்றால் உருப்படியைக் குறைப்பதுதான் நியாயம். தண்ணீரும் தினம் 400 லிட்டர் தொட்டியில் இருக்க வேண்டும்.

வெறுந்தரைக்கு மட்டும் ஏக்கருக்கு இரண்டரை கிலோ விதை. புதிய விதை சரியாக முளைக்காது. போன வருட விதையாகப் பாருங்கள். விதை மேலுள்ள சுணை (மெல்லிய முடி) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மணலில் கலந்து தூவி, முள் கிளையை இழுத்து லேசாக மூடினால் போதும். ஆழப் போனால் முளை மேலே வராது. ஒருமுறை விதை முற்றி உதிரும்வரை அந்த அறையில் மாடு இறங்கக் கூடாது.

கேள்வி: வெள்வேல மர நிழல் புல்லைக் கெடுக்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அது அடர்ந்த நிழல் அல்ல. உச்சி வெயிலில் மாடு படுத்து அசைபோட அதுதான் இடம். கோடையில் புல் காய்ந்த நேரத்தில் உதிரும் காயும் தீவனம். தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள்.

கேள்வி: அறுத்த சோளக்காட்டில் மழைக்குப் பின் தழைத்திருக்கும் துளிரில் மேய்க்கலாமா?

பதில்: கூடாது. மழையில்லாமல் வாடி, பிறகு துளிர்த்த சோளத்தில் சயனைடு நச்சு அதிகம். மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, உடல் நடுங்கி விழும். சோடியம் தயோசல்பேட் மருந்தை மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும், தாமதித்தால் பிழைக்காது. பூவெடுத்த பின் அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.