வித்தியாசமான கண்ட்ரோலர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அண்ணே, கையை வீசுறது, உடம்பை ஆட்டுறதுன்னு புதுசு புதுசா கேம் கண்ட்ரோலர் வருது, கொஞ்ச நாள்ல காணாமப் போயிருது. இதெல்லாம் புதுமையா, இல்ல காசு புடுங்குற வேலையா?

பதில்: தம்பி, இப்ப நீங்க சாதாரணம்னு புடிச்சிருக்குற கண்ட்ரோலரே அப்படி வந்ததுதான். பெருவிரலால உருட்டுற அந்தக் குச்சி 1996ல நின்டெண்டோ 64 வந்தப்புறம்தான் வீட்டு கன்சோல்ல, அதாவது டிவியில மாட்டி ஆடுற கேம் மெஷின்ல, நிலைச்சுது, அடிபட்டா கையில அதிருதே அது அடுத்த வருஷம் தனியா வாங்கி பின்னாடி சொருகுற பொட்டியா வந்துது, அதுக்கு ரெண்டு சின்ன பேட்டரி வேற போடணும். இன்னைக்கு இது ரெண்டும் இல்லாத கண்ட்ரோலர கன்சோலோட யாரு தர்றா?

அதே நேரம் 1989ல மேட்டல் கம்பெனி அமெரிக்காவுல விட்ட பவர் க்ளவ்ங்குற கையுறைய பாருங்க. கையில மாட்டி விரலை மடக்கினா சென்சார் புடிக்கும், கை எங்க இருக்குன்னு ஒலிய வச்சு கண்டுபுடிக்கும், ஐடியா அருமை. ஆனா அதுக்குன்னே செஞ்ச கேம் ரெண்டே ரெண்டு, மத்த கேமுக்கெல்லாம் முழங்கைப் பக்கத்துல இருக்குற கீபேட்ல நம்பர் அடிச்சு செட் பண்ணிட்டு, பட்டனுக்காக செஞ்ச கேமை கையை ஆட்டி ஆடணும், வெளங்குமா? 2006ல வந்த நின்டெண்டோவோட வீ கன்சோல் அப்படி இல்ல, நெறைய நாட்டுல பொட்டிக்குள்ளயே ஸ்போர்ட்ஸ் கேம் இருந்துது, ரிமோட்ட டென்னிஸ் மட்டை மாதிரி வீசினா போதும், எந்த பட்டன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். 10 கோடிக்கு மேல வித்துது. அதனால கண்ட்ரோலர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அத நம்பி செஞ்ச கேம் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது வெறும் கூத்துதான்.

மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு வந்த கினெக்ட், அதாவது உடம்பு அசைவைப் பாக்குற கேமரா, அது மட்டும் எனக்கு இன்னும் மனசுக்கு கஷ்டம். 2010ல வந்து 60 நாள்ல 80 லட்சம் வித்துது, ஆனா ஆறடி தள்ளி நிக்கணும், நம்ம வடசேரி வாடகை வீட்டு ஹால்ல சோபாவத் தூக்கி வெளிய போட்டாதான் நடக்கும். 2017ல தயாரிப்ப நிறுத்திட்டாங்க. ஆனா தூரத்தை அளக்குற அந்த கேமராவ ரோபோ ஆராய்ச்சி பண்றவங்க ஒருபாடு பேரு எடுத்து உபயோகிச்சாங்க, அத போய் கூத்துன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): எனக்க மவன் கார் ரேஸ் ஆட ஸ்டீயரிங் கேக்குறான், வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: அவன் வருஷம் பூரா ரேஸ் மட்டும்தான் ஆடுறான்னா வாங்குங்க அக்கா. வளைவுல திருப்பும்போது மோட்டார் எதிர்த்து இழுக்குற ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருக்கான்னு கேளுங்க, ரோடு கையில தெரியிறது அதுலதான். அவன்கிட்ட இருக்குற கன்சோலுக்கு சேருமான்னும், இறுக்கி மாட்ட ஆடாத மேசை இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கேள்வி (தூத்தூர் வாசகர்): அண்ணனுக்கு விபத்துல வலது கை விரல் வேலை செய்யல. ஃபுட்பால்னா உயிரு, நேர்ல ஆட முடியாது, கேமாவது ஆட வழி இருக்கா?

பதில்: இருக்கு மக்கா. மைக்ரோசாஃப்ட் 2018ல எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்னு ஒண்ணு விட்டாங்க, மேல உள்ளங்கையால அமுக்குற மாதிரி ரெண்டு பெரிய பட்டன், பின்னாடி வரிசையா 19 ஓட்டை, பழைய ஹெட்ஃபோன் பின் சொருகுற அதே சைஸ். ஒவ்வொண்ணும் ஒரு பட்டனுக்கு, அதுல கால் பெடலோ முழங்கையால தட்டுற சுவிட்சோ மாட்டிக்கலாம். சோனியும் 2023ல அவங்க பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்கு இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்தாங்க. முதல் கேள்வி கேட்டவர் இதையும் படிக்கணும், ஆடவே முடியாதவரை ஆட வைக்குதுன்னா அதுக்கு மேல என்ன புதுமை வேணும்?

ஆனா உடனே காசு போடாதீங்க. எக்ஸ்பாக்ஸ் இருந்தா ரெண்டு சாதா கண்ட்ரோலர ஒரே ஆளுக்கு சேக்குற கோபைலட்னு ஒரு செட்டிங் இருக்கு, இப்ப அதுக்குப் பேரு கண்ட்ரோலர் அசிஸ்ட். அண்ணன் இடது கையால ஆட்டக்காரர ஓட வைக்கட்டும், பாஸும் ஷாட்டும் அவர் சொல்லச் சொல்ல நீங்க அமுக்குங்க. கொஞ்ச நாள் ஆடிட்டு எந்தெந்த பட்டன் அவருக்கு அடிக்கடி வேணும்னு எழுதி வைங்க, அந்த பட்டனுக்கு மட்டும் சுவிட்ச் வாங்கினா போதும்.