கடன் வாங்காமல் வீட்டில் ஒரு கிளைம்பிங் சுவர்

கேள்வி: மதுரை ஒத்தக்கடையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாதச் சம்பளம் 32,000 ரூபாய். வாடகை 8,500, பைக் தவணை 2,900. தவணை இன்னும் 5 மாதம் பாக்கி. என் மகளுக்கு 13 வயது. ஒரு முகாமில் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். வீட்டு முன்புறக் கார் ஷெட்டில் சுவர் அமைத்துத் தர ஒரு ஒப்பந்தக்காரர் 1,10,000 ரூபாய் கேட்கிறார். கையில் இதற்கென 15,000 இருக்கிறது. அவசரத்துக்குத் தனியாக 30,000. மாதம் 2,500 ஒதுக்க முடியும். 1 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? சுவர் 40 டிகிரி சாய்வாக வேண்டும் என்கிறாள்.

பதில்: லோன் வேண்டாம். 14 சதவீத வட்டியில் 1 லட்சத்தை 24 மாதத்தில் அடைக்க மாதம் சுமார் 4,800 ரூபாய் போகும். வட்டி மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல். பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தனி. மாதம் 2,500 ஒதுக்குகிறவர் 4,800 தவணையில் மாட்டினால், முதல் ஆஸ்பத்திரிச் செலவிலேயே அந்த 30,000 கரைந்துவிடும். கிரெடிட் கார்டில் போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பாக்கி வைத்தால் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி.

இந்தச் சுவர் 40,000 ரூபாயில் முடியும் வேலை. கீழே சொல்லும் விலைகள் தோராயம். இரும்பும் பிளைவுட்டும் வாங்கும் நாளில் கொஞ்சம் ஏறி இறங்கும்.

முதலில் சாய்வு. 8 அடிப் பலகையைச் செங்குத்திலிருந்து 40 டிகிரி ஏறுபவர் பக்கம் சாய்த்தால் உயரம் 6 அடிதான் கிடைக்கும், முன்னால் 5 அடி நீட்டும். அது நன்றாகத் தேறியவர்களுக்கானது. பழகத் தொடங்கும் பிள்ளை இரண்டு நாளில் வெறுத்துவிடும். 20 டிகிரி போதும். உயரம் ஏழரை அடி, நீட்டம் இரண்டே முக்கால் அடி. அடியில் 1 அடிக்கு நேர்ப்பலகை வைத்தாலும் மொத்தம் எட்டரை அடி. ஷெட் கூரை 10 அடி என்றால் அதற்குக் கீழே அடங்கிவிடும்.

ஷெட்டுக்குப் பதில் மாடி என்று நினைத்தால், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர், வெளியே இழுக்கும் விசையைத் தாங்கக் கட்டியதில்லை. ஏறுபவர் துள்ளிப் பிடிக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை வரும். வாடகை வீடு வேறு. அதனால் தானாக நிற்கும் இரும்புச் சட்டம்தான் உங்களுக்குச் சரி.

சட்டத்துக்கு 50-க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாய். 20 அடி நீளத்தில் 6 எண்ணம். ஒன்று சுமார் 18 கிலோ, ஆக 108 கிலோ. கிலோ 75 ரூபாய் என்றால் 8,100. வெல்டிங் கூலி, ரெட் ஆக்சைடு, பலகையை இணைக்கும் எம்-8 போல்ட்டுகள் எல்லாம் சேர்த்து 5,400. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். குழாயை எடை போட்டு வாங்குங்கள். "2 மில்லி" என்று சொல்லி 1.6 கொடுத்தால் எடையில் தெரிந்துவிடும்.

பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: சாய்வுக் குழாய் 5, இரண்டு அடிக்கு ஒன்றாக. குறுக்குக் குழாய் மேலே, நடுவே, கீழே. மேல் விளிம்பின் இரு முனையிலும் தரை வரை தூண். அடிக்குழாய் முன்னால் 4 அடி, பின்னால் 1 அடி. முன்பக்கம் தரையில் குறுக்குக் குழாய் வரவே கூடாது; மகள் விழும் இடம் அது. பக்க முக்கோணங்களை வெல்டிங் செய்யட்டும், குறுக்குக் குழாய்கள் போல்ட்டில் நிற்கட்டும். வீடு மாறும்போது கழற்றி ஒரு மினி லாரியில் ஏற்றிவிடலாம். சட்டத்தைப் பின்னால் இரண்டு இடத்தில் கான்கிரீட் பில்லரோடு ஆங்கர் போல்ட்டில் பிணைப்பது நல்லது. துளை போட வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், 8-க்கு 4 அடியில் இரண்டு. ஷெட்டில் சாரல் அடிக்கும் என்பதால் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம், ஐ.எஸ். 303 முத்திரை பார்த்து வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் மலிவுதான். ஆனால் டி-நட் (கை, கால் வைக்கும் பிடிகளின் போல்ட் இறங்க, பலகையின் பின்னால் பதிக்கும் நட்) பிய்த்துக்கொண்டு வரும். அடியில் வரும் நேர்ப்பலகைக்குக் கடையில் கிடக்கும் துண்டு போதும். எல்லாம் 7,000.

துளைகள் விளிம்பிலிருந்து 4 அங்குலம் தள்ளித் தொடங்கி 8 அங்குலத்துக்கு ஒன்று. ஒரு பலகைக்கு 72, மொத்தம் 144. பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இந்தக் கணக்கில் எந்தத் துளையும் குழாய்மேல் விழாது. 12 மில்லிமீட்டர் பிட்டால் முன்பக்கத்திலிருந்து துளையிடுங்கள். சிம்பு பெயர்ந்தாலும் பின்பக்கம் போய்விடும். எம்-10 டி-நட்டைப் பின்னாலிருந்து செருகி, முன்னால் வாஷர் வைத்து போல்ட்டால் இழுத்து உட்கார வையுங்கள். சுத்தியலால் அடித்தால் கோணலாகும். கோணலான நட்டில் போல்ட் மரை ஏறாது, கட்டாயப்படுத்தினால் நட்டே சுற்றும். பிடிகளை மாட்டும்போதும் முதல் மூன்று சுற்றைக் கையால் திருப்புங்கள், டிரில் வேண்டாம். மாட்டும் முன் இருபுறமும், முக்கியமாக வெட்டு விளிம்புகளிலும், எக்ஸ்டீரியர் பெயின்ட் இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெயின்ட் அடிக்காத விளிம்புதான் முதலில் உப்பும். டி-நட் 1,500, பெயின்ட் 1,000.

மெத்தையில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் தரைக்கு மேல் 5 அடியிலிருந்து விழுந்தாலே கணுக்கால் போய்விடும். ஒரு கட்டு போடும் செலவில் மெத்தைக் காசு போய்விடும். 8-க்கு 7 அடி இடத்தில் அடியில் 4 அங்குலக் கெட்டி போம், நடுவில் 4 அங்குல மெதுவான போம், மேலே 1 அங்குல ஈ.வி.ஏ. (ரப்பர் போன்ற போம்) விரிப்பு. வீட்டில் பழைய போம் மெத்தை இருந்தால் ஓர் அடுக்குக்கு ஆகும், முழங்கையால் அமுக்கினால் தரை தட்டாமல் இருக்க வேண்டும். இலவம் பஞ்சு சீக்கிரம் கட்டி தட்டிவிடும். இரண்டு மெத்தை சேரும் இடுக்கில் கால் போவதுதான் பெரிய ஆபத்து. கார் சீட் கவர் தைக்கும் கடையில் ஒரே ரெக்சின் உறையாகத் தைத்து மூடுங்கள். தூண், அடிக்குழாய்க்கும் போம் சுற்றுங்கள். எல்லாம் 9,500.

பிடிகளில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். கடைப் பிடி 20 அல்லது 25 வாங்க 4,000. எம்-10 ஆலன் போல்ட்டும் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) அதைத் திருப்பும் 8 மில்லிமீட்டர் சாவியும் 1,500. மற்றவற்றை ஆசாரியிடம் தேக்கு, ரப்பர் மரத் துண்டில் செய்துகொள்ளுங்கள், 2,000 போதும். 2 அங்குலக் கனம், விளிம்பு நன்றாக உருண்டை, 120 நம்பர் உப்புத்தாள், வார்னிஷ் கூடாது. சுற்றாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு ஸ்குரூ. மர ரேகை படுக்கைவாட்டில் ஓடட்டும்; விரல் இழுக்கும் திசையிலேயே ரேகை ஓடினால் பிளக்கும். ஆற்றுக் கல்லைத் துளைத்து மாட்டும் யோசனை வேண்டாம். 13 வயதில் விரல் எலும்பு இன்னும் வளர்கிறது, ஆகவே முழுக் கையும் அடங்கும் பெரிய பிடிகளாகவே இருக்கட்டும்.

இனி பண வரிசை. கையிலுள்ள 15,000-இல் சட்டம் போக 1,500 மிஞ்சும். மூன்றாம் மாத முடிவில் 9,000 சேரும்: பிளைவுட், டி-நட். நான்காம் மாதம் பெயின்ட். ஐந்து மாதத்தில் பைக் தவணை முடிந்ததும் 2,900-ஐ வேறெதிலும் விடாமல் இங்கே திருப்புங்கள். மாதம் 5,400 ஆகும். ஆறாம் மாதம் மெத்தை. ஏழாம் மாதம் பிடிகள், போல்ட். எட்டாம் மாதம் மரப் பிடிகளும் வந்து, 3,700 மிஞ்சும். மெத்தைக்குப் பிறகே பிடி வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிடி இருந்தால் பிள்ளை ஏறாமல் இருக்க மாட்டாள். அந்த இடைவெளியில் அவளை யானைமலைப் பாறையில் பழக அனுப்பாதீர்கள். சமணச் சிற்பங்கள் உள்ள, காக்க வேண்டிய மலை அது.

எட்டாம் மாதத்துக்குப் பின் அந்த 5,400-ஐ அவசர நிதிக்கு விடுங்கள். 30,000 உங்கள் குடும்பத்துக்கு ஒரு மாதச் செலவுதான். மூன்று மாதமாவது வேண்டும். மருத்துவ பாலிசியில் சாகச விளையாட்டு விலக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம்; வழக்கமான பாலிசிகளில் அது தொழில்முறையாக ஈடுபடுவோருக்கானது. உங்கள் பாலிசியிலும் 'தொழில்முறை' என்ற அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒருமுறை படியுங்கள். மாதம் ஒருமுறை சாவியை எடுத்து எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.